மணிக்கணக்கில் அளக்க முடியாத பாடம்

ஆசிரியருக்கு,

கப்பல் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தூத்துக்குடியில் ஒரு கடல்சார் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியராக மாலுமிக் கலையும் வழிசெலுத்தலும் கற்பிக்கிறேன். வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டுமே ஊதியம். ஆனால் பாடத்தின் பாதி அதற்கு வெளியே நடக்கிறது. ஒரு மாணவன் கடல் வரைபடத்தில் போட்ட பாதை தப்பினால், திசைகாட்டிப் பிழையைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தானா, நீரோட்டத்தை மறந்தானா என்று அவனோடு உட்கார்ந்துதான் தேட வேண்டும். அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு வேலையைக் கற்பிக்கும் நிலை இன்னும் மோசம். விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதைத் திரையில் படமாகக் காட்டிவிட்டு நகர்கிறோம். கால் வைக்கக் கூடாத இடத்தைக் கப்பல் தளத்தில் நின்று காட்டினால்தானே பதியும்?

"ஜி.பி.எஸ். இருக்க செக்ஸ்டன்ட் எதற்கு?" என்று, விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் அந்தக் கருவியைப் பற்றி நிர்வாகிகள் கேட்பதுண்டு. மாலுமிகளின் பயிற்சித் தரத்தை வகுக்கும் 1978 சர்வதேச உடன்படிக்கை, 2010 மணிலா திருத்தங்களுக்குப் பிறகும் விண்மீன்களைக் கொண்டு நிலையறிவதைக் கைவிடவில்லை. அவர்கள் அதைப் படிக்கட்டும்.

பணியில் இருக்கும் அதிகாரிகள் விடுப்பில் வரும்போது கற்பிக்கத் தயாராக இருக்கிறார்கள். வாரம் ஒரு வகுப்பு என்றால் அவர்களால் முடியாது. இரண்டு வாரத் தொகுப்பாகப் பாடத்தை அமைத்து, செய்முறைக்கும் திருத்தத்துக்கும் சேர்த்து ஊதியம் கொடுங்கள்.

– ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி