எம்பிஏ பத்தி கேட்டியே, அதுக்கு

கண்ணு,

பொங்கலுக்கு வந்தப்ப எம்பிஏ பண்ணலாமாப்பான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போன, அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. போன் பண்ணினா சாப்ட்டேன், நல்லாருக்கேன், மீட்டிங் இருக்கு, அவ்ளோதான். பேசினா பாதில வெச்சுடுவ, எழுதினா படிச்சுத்தானே ஆகணும்னு டைப் பண்றேன். கண்ணாடி மாத்தணும், தப்பு இருந்தா கண்டுக்காத.

உங்க அத்த பையன் போன வாரம் வந்தான். லிங்க்ட்இன்ல உன் போட்டோவ காட்டினான், சுத்தி பச்சைக் கலர்ல ஒரு வளையம் போட்டிருந்துச்சு. நல்லாருக்கேடான்னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிட்டேன். அது என்னன்னு நான் கேக்கல. அம்மா அப்ப கிச்சன்ல இருந்தா.

சரி எம்பிஏ. பேங்க்ல லோன் செக்ஷன்ல உக்காந்தவன் நான், அட்மிஷன் லெட்டரோட வர்ற பசங்கள நெறைய பாத்திருக்கேன். முடிச்சுட்டு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா பாதிப்பேரு பிளேஸ்மென்ட் இருக்கு சார்ம்பாங்க. அது ஒரு பதிலா. இன்னொரு ரகம் வரும், சார் டயர் கம்பெனில ஷிப்ட் பாத்தேன், சரக்கு எங்க தேங்குதுன்னு எனக்குத் தெரியும், பேக்டரிய விட்டுட்டு லாஜிஸ்டிக்ஸ் பக்கம் போறேன்னு சொல்லும். அந்த பைல நான் அன்னைக்கே மேல அனுப்பிடுவேன். நீ அந்த ரகமா இருக்கணும். எதுக்குப் போறோம்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாரு, எதுல இருந்து தப்பிக்கறோம்ங்கறத எழுதாத.

படிப்பு உபயோகப்படுமான்னா கண்டிப்பா படும். இப்ப நேரா ஒரு ஆஸ்பத்திரி குரூப்புக்கு ரெஸ்யூம் போட்டீன்னா சாப்ட்வேர் டெஸ்டிங்னு பாத்ததும் ஓரங்கட்டிடுவாங்க, அதே ஆள் ஒரு நல்ல காலேஜ் கேம்பஸ்ல உக்காந்திருந்தா கூப்ட்டு வெச்சுப் பேசுவாங்க. பாதிக் காசு அதுக்குத்தான். மீதி கூடப் படிக்கறவங்களுக்கு. நேவில இருந்தவங்க, சோப்பு வித்தவங்க, டாக்டருக்குப் படிச்சவங்க எல்லாம் ஒரே குரூப்ல ராத்திரி உக்காந்து கேஸ் அலசுவாங்களாம், கேஸ்னா ஒரு நெஜ கம்பெனியோட கதைய பாடமா எழுதினது. பேலன்ஸ் ஷீட் படிக்க நானே சொல்லித்தந்துடுவேன், கடைக்காரர்கிட்ட ஆர்டர் எடுக்க அந்த சோப்பு வித்தவரு எப்படிப் பேசுவாருன்னு நான் எங்க போய்ச் சொல்லித்தர்றது.

கேஸ்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, டாக்டர் வெங்கடசாமி கவர்மென்ட்ல ரிட்டயர் ஆயிட்டு 1976ல 11 பெட்டோட ஆரம்பிச்சது, அத ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993ல கேஸா எழுதிச்சு, எங்கெங்கயோ எம்பிஏ பசங்க அதப் படிக்கறாங்க. பாட்டிக்குக் கண்ணு பண்ணினோமே அதே இடம். ஒரு டேபிள்ல ஆபரேஷன் நடக்கறப்பவே பக்கத்து டேபிள்ல அடுத்த ஆள ரெடியா படுக்கவெச்சிருப்பாங்க, டாக்டர் இத முடிச்சுட்டு அப்படியே அந்தப் பக்கம் திரும்பறதுதான், அதனாலதான் அத்தனை பேருக்கு பண்ண முடியுது, காசில்லாதவங்களுக்கும் பண்ண முடியுது. பாட்டி கட்டுப் போட்டுட்டு வெளிய வந்ததும் காபி எங்கடான்னு கேட்டது தனிக் கதை.

ஆஸ்பத்திரின்னு நான் சும்மா சொல்லல. அம்மாவுக்கு பித்தப்பை எடுத்தப்ப டிஸ்சார்ஜ்னு காலைல சொல்லிட்டு சாயங்காலம் வரைக்கும் இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலன்னு உக்காரவெச்சாங்கல்ல. நான் கவுன்டர்ல கத்திக்கிட்டு நின்னேன். நீ இன்சூரன்ஸ் பேப்பர் பாக்கற டிபிஏ டெஸ்க்ல அந்தப் பையன ஸ்க்ரீன இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, மொதல்ல அனுப்பினதுல ப்ரொசீஜர் பேரு ஒண்ணு, டிஸ்சார்ஜ் சம்மரில வேற ஒண்ணு, க்வெரி இதுலதான் நிக்குதுன்னு விரல வெச்சுக் காட்டின. மாத்தி அனுப்பினதும் அப்ரூவல் வந்துடுச்சு. அமெரிக்காக்காரன் க்ளெய்ம் சாப்ட்வேர அத்தனை வருஷம் டெஸ்ட் பண்ணினது சும்மா போகலன்னு அன்னைக்கு நெனச்சேன். உன்கிட்ட சொல்லல, சொன்னா தலைல ஏறிக்குவ. 2024லயே இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ ரூலே போட்டாச்சு, கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரத்துல ஓகே பண்ணணும்னு. ரூல் போட்டா போதுமா, உள்ள இருந்து ஓட்டறதுக்கு ஆள் வேணுமே.

அதனால வேலையையும் துறையையும் ஒரே தாவுல மாத்தப் பாக்காத. க்ளெய்ம் உனக்குத் தெரியும், அதப் புடிச்சுட்டே ஆஸ்பத்திரிக்குள்ள போ. ஒரேயடியா மார்க்கெட்டிங்னு போய் நின்னா எல்லாமே புதுசு. உங்க சித்தப்பா அப்படித்தான் ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினாரு, அப்புறம் என்னாச்சுன்னு உனக்கே தெரியும்.

ரெண்டு வருஷக் கோர்ஸ்ல நடுவுல ரெண்டு மாசம் சம்மர் இன்டர்ன்ஷிப் வரும், துறை மாறுறவங்களுக்கு அது பெரிய விஷயம், புது வேலைய ஒருக்கா தொட்டுப் பாத்துக்கலாம். ஆனா கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதிப் போனா கிளாஸ் பூரா சின்னப் பசங்க. ஹைதராபாத் ஐஎஸ்பி, அகமதாபாத் ஐஐஎம்ல பிஜிபிஎக்ஸ், பெங்களூர் ஐஐஎம்ல இபிஜிபி எல்லாம் வேலை பாத்தவங்களுக்குன்னே ஒரு வருஷக் கோர்ஸ், ஜிமேட் பரீட்சை போதும், ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும். அதுல அந்த சம்மர் கெடையாது, வந்ததுமே பிளேஸ்மென்ட் பேச்சுதான். அதான் சொல்றேன், எதுக்குப் போறோம்னு எழுதி வெச்சுட்டுப் போ.

காசு நான் பாத்துக்கறேன். 40 லட்சம் லோன்னு வெச்சுக்கோ, 9 பர்சன்ட், 10 வருஷம்னா மாசம் 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல வரும். அந்த மாதிரி காலேஜுக்கெல்லாம் அடமானம் இல்லாமயே பேங்க்ல தர்றாங்க. படிக்கறப்ப இஎம்ஐ கட்ட வேணாம்ங்கறதுக்காக வட்டி நிக்காது, அது ஓடிட்டேதான் இருக்கும், இத மறந்துட்டு வந்து அழுதவங்க நெறைய. இன்கம் டாக்ஸ்ல படிப்பு லோன் வட்டிய எட்டு வருஷம் வரைக்கும் பூரா கழிக்கலாம், பழைய ரெஜிம்ல இருந்தாத்தான். சம்பளம் வர்றப்பதான் அந்தக் கணக்கெல்லாம், விடு.

அப்புறம் ரெகமண்டேஷன் லெட்டர் கேப்பாங்க. இப்ப இருக்கற மேனேஜர்தான் தரணும்னு இல்லயாம், பழைய மேனேஜர் தந்தாலும் எடுத்துக்குவாங்களாம். நடுவுல சில மாசம் வேலை இல்லாம இருந்தா அதயும் உள்ளது உள்ளபடி எழுதிட்டாப் போதுமாம், ஐடில இப்ப எத்தனையோ பேருக்கு அப்படி. பொதுவா சொல்றேன். ஒரு வேலை போறதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, அத யார்கிட்டயும் சொல்லாம ரூம்ல உக்காந்துட்டு இருக்கறதுதான்... சரி விடு. பகல்ல உன் போன்ல குக்கர் விசில் கேக்குது, நல்லா சமைச்சு சாப்பிடறன்னு சந்தோஷம்தான். ஆனா பகல்ல ஏன் ஆபீஸ் போகலன்னு அம்மா கேட்டா, ஒர்க் ப்ரம் ஹோம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு.

மாடில ஷீட் போட்டாச்சு, உன் தம்பி செமஸ்டர் கிளியர் பண்ணிட்டான், வேற விசேஷம் இல்ல.

உன் அக்கவுண்ட்ல 30,000 போட்டிருக்கேன். ஜிமேட் பீஸ், புக்கு, கோச்சிங்னு வரும்ல. மிச்சம் இருந்தா வாடகைக்கோ எதுக்கோ வெச்சுக்கோ, கணக்கு வேணாம். போன தடவ மாதிரி திருப்பி அனுப்பினீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். அடுத்த மாசமும் போடுவேன்.

படிச்சுட்டு பதில் போடு. கட்டைவிரல் மட்டும் போட்டு விட்றாத.

அப்பா