மூன்று மாத நோட்டீஸ் யாருக்கு நன்மை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய இளைஞர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று நிறுவனங்கள் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கின்றன. ஆள் எடுப்பதும் கணக்கு முடித்து அனுப்பிவைப்பதுமே அன்றாட வேலையாக உள்ள மனிதவளப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் குறையில் பெரும்பகுதி நிறுவனங்களின் விதிகளாலேயே விளைகிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாட்கள். ராஜினாமா செய்தவர் மூன்று மாதமும் இருந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தும் அதே நிறுவனம், வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது மட்டும், 30 நாளில் சேர முடியுமா என்று கேட்கிறது. இடையில் அகப்பட்டவர், அடுத்த வேலை உறுதியாகும் முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டு, அந்த மூன்று மாதத்தில் இரண்டு மூன்று ஆஃபர் லெட்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றில் மட்டும் சேருகிறார். மற்ற நிறுவனங்கள் சேரும் நாளன்று வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றிய ஊழியரை நீக்குவதற்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும் என்கிறது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அனுப்புவதற்கு ஒரு மாதம் போதுமென்றால், போவதற்கு மட்டும் மூன்று மாதம் எதற்கு? பொறுப்பை ஒப்படைக்க என்பார்கள். நான் பார்த்தவரை, ஒப்படைப்பு கடைசி வாரத்தில்தான் தொடங்குகிறது; அதுவரை அவருக்குப் புதிய வேலையும் தருவதில்லை, பழைய வேலையைக் கற்றுக்கொள்ள ஆளும் தருவதில்லை.

இதனால் சொல்லாமல் நின்றுவிடுவது நியாயமாகிவிடாது. சிறு நிறுவனம் ஒன்றில் கணக்காளர் திடீரென நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை வரி தாக்கல் செய்யும் மாதத்தின் 20ஆம் தேதியன்று பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. அவருடைய கைப்பேசிக்குத்தான் போகும், அவரோ எடுக்கமாட்டார். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு இரவுவரை உட்கார்ந்திருப்பது, நேற்றுவரை அவருடன் ஒன்றாகச் சாப்பிட்ட உதவியாளர்தான். முதலாளி மீதுள்ள கோபத்தைச் சக ஊழியர் தலையில் இறக்கிவிட்டுப் போவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க இயலாது.

முறையாக விலகுபவர்களையும் நாம் நன்றாக நடத்துவதில்லை. ரிலீவிங் லெட்டரை (பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) நிறுத்தி வைப்பதும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடிப்பதும் சர்வசாதாரணம். (2020 முதல் அந்தத் தேதியை ஊழியரே பதிந்துகொள்ளலாம், ஆனால் கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.) ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. அப்படியிருந்தும், 45 நாள் ஆகும் என்று கூசாமல் சொல்கிறோம்.

நோட்டீஸ் காலத்தை ஒரு மாதமாகக் குறைத்து, ராஜினாமா ஏற்கப்பட்ட முதல் வாரத்திலேயே ஒப்படைப்புப் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, கடைசி வேலை நாளன்றே ரிலீவிங் லெட்டரைக் கையில் கொடுக்கும் நடைமுறையைத் தொழில் அமைப்புகள் தங்கள் உறுப்பு நிறுவனங்களிடம் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனிதவளப் பிரிவு ஊழியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.