தலை வலித்தால் சொல்லிவிடு, மீனா

செம்பூர், மும்பை

அன்புள்ள மீனா,

சித்தப்பா திங்கட்கிழமை ராஜதானியில் டெல்லி வருகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பாவையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போகப்போகிறாய். எனக்குப் பெருமைதான். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை மூன்று முறை படித்தேன். எந்த இரவு எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். லுக்லா 2,860 மீட்டர். நாம்சே பஜார் 3,440, அங்கே இரண்டு இரவு. டிங்போச்சே 4,410, அங்கேயும் இரண்டு இரவு. 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் உயரம் ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்கிறார்கள். ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நாளைக் குறைத்துக் காசை மிச்சம் பிடிக்கும் திட்டத்தை நீ எடுக்காததில் எனக்கு நிம்மதி. முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. இங்கே செம்பூரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதி அளவுதான் அங்கே கிடைக்கும்.

ஆனால் எனக்குப் பயம் உயரத்தைப் பற்றி இல்லை. கூட்டத்தைப் பற்றி.

காலேஜில் படிக்கும்போது கல்சுபாய் மலைக்குப் போனேன் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? மீதியைச் சொன்னதில்லை. காலையிலிருந்தே எனக்கு வயிறு சரியில்லை. கூட வந்தவர்களில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். இவளால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று வாயே திறக்கவில்லை. இறங்கும்போது இரும்பு ஏணியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோயிலுக்கு வந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி கீழே நின்று என் கணுக்காலைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் எடுத்து வைத்தாள். அவள் பேர்கூட நான் கேட்கவில்லை. அன்றைக்கு என்னை விழவைக்கப் பார்த்தது மலை இல்லை, என் கூச்சம்.

உன்னோடு வரும் பதினோரு பேரும் உனக்கு முன்பின் தெரியாதவர்கள், எல்லாரும் உன் வயது. அப்படிப்பட்ட கூட்டத்தில் வேகமாக நடக்கிறவனின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம் ஆகிவிடும். நீ கடைசியில் நட. தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது என்று எது வந்தாலும் அன்றைக்கே வழிகாட்டியிடம் சொல்லு. சரியாகும்வரை மேலே ஏறாதே. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். வேறு யாருக்காவது அப்படி இருந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் நம்பாதே. அவருக்காக நீ போய்ச் சொல்லு.

இன்னொன்று, இது உனக்கு ஞாபகம் இருக்காது. நாலு வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு சல்ஃபா மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. ராத்திரி முழுக்க உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்க மலை ஏறுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் டயமாக்ஸ் மாத்திரையும் சல்ஃபா குடும்பம்தான். எல்லாரும் போடுகிறார்கள் என்று வாங்கிப் போட்டுவிடாதே. இந்த வாரமே டாக்டரைப் பார், இந்தக் கடிதத்தைக் காட்டிக் கேள்.

காப்பீட்டில் 6,000 மீட்டர் வரையும் ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்கிறதா என்று பார். ஆதார் மட்டும் போதாது, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள். மேகம் மூடினால் லுக்லாவில் விமானம் எழும்பாது, அதனால் ஆபீஸில் இரண்டு நாள் கூடுதலாக லீவு கேள். எதிரே யாக் மந்தை வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில், பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

முகாமுக்கு ஒரு நாள் முன்னால் நீ திரும்பி வந்தாலும் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. யாராவது கேட்டால் அம்மாதான் திரும்பச் சொன்னாள் என்று சொல்லு.

டப்பாவில் இருப்பது புளிக்காய்ச்சல். மேலே போகப்போக பசி விட்டுப்போகும் என்கிறார்கள். அங்கே சோறும் பருப்பும் கிடைக்கும், சூடாக இருக்கும்போதே இரண்டு ஸ்பூன் பிசைந்து சாப்பிடு. மூடியை இறுக்கிப் போட்டு, துணிகளோடு வைக்காமல் தனிப் பையில் வை. எண்ணெய் கசியும்.

அன்புடன்,
அம்மா