பஸ் எப்படி ஓடுது என்று கேட்டீர்களே

அன்புள்ள சித்தப்பா,

ஊரிலிருந்து யார் பேசினாலும் கார் வாங்கியாச்சா, என்ன கார், எவ்வளவு ஆச்சு என்றுதான் கேட்கிறார்கள். அங்கே பஸ் எப்படிம்மா ஓடுது என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். பஸ் டிப்போவிலிருந்து ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழித்தும் உங்களுக்கு அதுதான் தோன்றுகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சித்தி வாங்கிக்கொள்வார், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில், சியாட்டிலில் பஸ் நன்றாகவே இருக்கிறது. கண்டக்டர் கிடையாது, ஏறும்போது கார்டைத் தட்டினால் போதும், பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 2022-லிருந்து டிக்கெட்டே இல்லை. பஸ்ஸின் முன்பக்கம் ஒரு கம்பிச் சட்டம் மடிந்திருக்கும், அதை இறக்கி நம் சைக்கிளை நாமே மாட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம். ஸ்டாப்பில் சக்கர நாற்காலியோடு ஒருவர் நின்றால் பஸ் அந்தப் பக்கமாகச் சாய்ந்து தாழும், உள்ளிருந்து பலகை ஒன்று வெளியே விரியும், டிரைவர் எழுந்து வந்து நாற்காலியைப் பட்டை போட்டுக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அத்தனை நேரமும் வண்டியில் ஒருவர்கூட முணுமுணுப்பதில்லை. இறங்குகிறவர்கள் பின்வாசலில் நின்றுகூட டிரைவருக்குக் கேட்கிற மாதிரி நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள், அது மட்டும் உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். சில ரூட்டுகளில் மேலே போகும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ் உண்டு. திருப்பத்தில் கம்பு நழுவிவிட்டால் டிரைவர் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்து மறுபடி கம்பியில் உட்கார வைப்பார். கார்காரர்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள், வேறு வழியில்லை.

யூனியன் இருக்கிறதா என்று கேட்பீர்கள், இருக்கிறது, ஏ.டி.யு. லோக்கல் 587 என்று பெயர். 2024 டிசம்பரில் விடியற்காலை டியூட்டியில் இருந்த ஒரு டிரைவரைப் பயணி ஒருவன் குத்திக் கொன்றுவிட்டான். டிரைவர் சீட்டைச் சுற்றி உறுதியான தடுப்பு வேண்டும் என்று யூனியன் விடாமல் கேட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் நண்பர்கள் வட்டத்தில் பலருக்கு பஸ் என்றாலே பயம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதற்கு முன்பும் அவர்கள் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

பஸ்ஸில் ஏறிவிட்டால் கவலையில்லை சித்தப்பா, பஸ் ஸ்டாப் வரை போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. நாங்கள் இருப்பது நகரத்தின் வடக்குப் பகுதியில், அரோரா அவென்யூ என்ற பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு அபார்ட்மென்ட்டில். 85-வது தெருவுக்கு வடக்கே இருக்கிற இந்தப் பகுதியை 1954-ல் நகரத்தோடு சேர்த்தார்களாம். நடைபாதை போட்டுத் தருகிறோம் என்று அப்போது பேச்சு. இன்றைக்கும் எங்கள் குறுக்குத் தெருக்களில் பாதிக்கு மேல் நடைபாதை கிடையாது. தார் ரோடு முடிகிற இடத்தில் சரளைக்கல், அதன்மேல் காரை நிறுத்தியிருப்பார்கள், அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு குழந்தை வண்டியை நடுத்தெருவில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மழைக்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் வருகிற காருக்கு நம்மைத் தெரியாது என்று இவர் எனக்கு மஞ்சள் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார், ரோட்டு வேலை பார்க்கிறவர்கள் போடுவார்களே அது மாதிரி. இந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறேன்.

அரோரா இன்னும் மோசம். இந்தப் பக்கம் ஸ்டாப், அந்தப் பக்கம் கடை, நடுவில் ஆறேழு வரிசை கார். சிக்னல் எங்கோ தள்ளி இருக்கும், அங்கே நடந்து போய், கம்பத்தில் இருக்கும் பட்டனை அமுக்கிவிட்டு நிற்க வேண்டும். அமுக்காவிட்டால் நடக்கிற விளக்கு வரவே வராது. சரி என்று சிக்னல் வரை போகாமல் நடுவிலேயே குறுக்கே போனால் அது சட்டப்படி குற்றம். நிதானமாக நடக்கிற வயதானவர்கள் முக்கால் தூரம் போவதற்குள் சிக்னலில் மீதி நேரம் காட்டும் எண்கள் இறங்கி முடிந்துவிடும். அதற்குள் வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும் காரின் மூக்கு நம் இடுப்புக்கு நேராக வந்து நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரின் அரசியலைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷம் தாங்காது. இங்கே நாடாளுமன்ற உறுப்பினர் பிரமிளா ஜெயபால், சென்னையில் பிறந்தவர். பதினைந்து டாலர் குறைந்தபட்சக் கூலிக்கு 2014-லேயே சட்டம் போட்டார்கள், இப்போது அது இருபதைத் தாண்டியாயிற்று. சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் இதுதான், 2023 பிப்ரவரியில். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், வெளிப்படையாகவே சோஷலிஸ்ட். 2025 நவம்பரில் மேயராக ஜெயித்த கேட்டி வில்சன் பஸ் பயணிகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி நடத்தியவர், வாடகைக்குக் குடியிருப்பவர், சொந்தமாகக் கார் கிடையாது. கார் இல்லாத மேயர்! நீங்கள் இங்கே இருந்திருந்தால் போஸ்டர் ஒட்டப் போயிருப்பீர்கள்.

அப்புறம் ஏன் தெரு இப்படி இருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு காரணம் பழைய கதை. 1968-லேயே இந்த ஊருக்கு மெட்ரோ ரயில் போட ஓட்டெடுப்பு வைத்தார்கள், பாதிக்குமேல் ஆதரவும் கிடைத்தது, ஆனால் கடன் வாங்க அறுபது சதவீதம் வேண்டும் என்று சட்டம், தோற்றுப்போனது. 1970-ல் மறுபடி வைத்தபோது போயிங்கில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம், இன்னும் மோசமாகத் தோற்றது. இங்கே வரவேண்டிய மத்திய அரசுப் பணம் அட்லான்டாவுக்குப் போய் அங்கே ரயில் ஓடுகிறது. இங்கே முதல் லைட் ரயில் 2009-ல்தான் வந்தது. அதற்குள் நகரத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு ஃப்ரீவே போட்டு முடித்து, சீனர்களும் ஜப்பானியர்களும் இருந்த பேட்டையை இரண்டாக வெட்டிவிட்டார்கள். 2016-ல் ரயிலை நீட்டிக்க மக்களே 5,400 கோடி டாலர் திட்டத்துக்கு ஓட்டுப்போட்டார்கள், ஆனால் செலவு ஏறிக்கொண்டே போகிறது, தேதி தள்ளிக்கொண்டே போகிறது. இந்தப் பணத்தில் பெரும்பங்கு விற்பனை வரி. பெரிய சம்பளக்காரரும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவரும் செருப்பு வாங்கினால் ஒரே விகிதம்தான், நூற்றுக்குப் பத்துக்கு மேல்.

இன்னொரு காரணம் எங்கள் பின்தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவில் தனித்தனி வீடுகள், பெரிய மரங்கள், ரொம்ப அமைதி. ஏறக்குறைய எல்லா வாசலிலும் ஒரே மாதிரி பலகை: கறுப்பர்களின் உயிர் முக்கியம், அறிவியல் உண்மை, எந்த மனிதரும் சட்டவிரோதம் இல்லை, இப்படி வரிசையாக எழுதியிருக்கும். அங்கே ஒரு அம்மா இருக்கிறார், எழுபது தாண்டியவர், நாங்கள் வந்த புதிதில் பனி பெய்தபோது எங்கள் வாசலுக்கு வந்து உப்பு தூவிவிட்டுப் போனவர், தோட்டத்துப் பிளம் பழத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். நம் ஊரில் 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று நான் சொன்னபோது கண்ணை அகல விரித்துக் கேட்டார், இங்கேயும் வர வேண்டும் என்றார். அவரேதான் பக்கத்து மனையில் நான்கு வீடு வரப்போகிறது என்றதும் தெருவில் கையெழுத்து வாங்கினார். பெரிய நகரங்களில் ஒரு மனையில் நான்கு வீடு வரை கட்ட விடவேண்டும் என்று 2023-ல் மாநிலமே சட்டம் போட்டுவிட்டது, தடுக்க முடியாது. இருந்தும் வாங்கினார். மரத்தை வெட்டிவிடுவார்கள், காரை எங்கே நிறுத்துவது, தெருவின் முகமே மாறிவிடும் என்கிறார். மரம் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை, அந்த மனையில் நிற்கும் தேவதாரு மரத்தைப் பார்த்தால் எனக்கும் மனசு வராது. ஆனால் அந்த நான்கு குடும்பமும் எங்கேயாவது இருந்தாக வேண்டுமே. அடுக்குமாடிகளைப் பெரும்பாலும் அரோரா மாதிரி ரோட்டோரத்தில்தான் கட்ட விட்டிருக்கிறார்கள். சத்தமும் புகையும் வாடகைக்காரர்களுக்கு, மரநிழல் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு. பலகை எழுதும்போது யாரும் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை சித்தப்பா, அதுதான் எனக்கு வருத்தமே. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம் பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ் என்று இருக்கிறார்கள். நல்ல ஸ்கூல், பெரிய வீடு. அப்பா அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்வார்கள். போன வாரம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். தோழியின் அப்பா ஊரில் காலையில் கிளம்பினால் மத்தியானம்தான் வீடு திரும்புகிறவராம், இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து கராஜ் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நடந்து போகத் தெரு இருக்கிறது, தெருவின் கடைசியில் போய்ச் சேர ஒன்றும் இல்லை, அடுத்த தெருவும் இதே மாதிரி வீடுகள்தான். ஒரு டீக்கோ பேப்பருக்கோ பிள்ளையிடம் சாவியை எதிர்பார்க்க வேண்டும். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுப் பக்கம் பஸ் உண்டாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டார். தோழி சிரித்துக்கொண்டே, அப்பாவுக்கு இங்கே எதுவுமே பிடிக்கவில்லை என்றாள்.

நாங்களும் கார் வைத்திருக்கிறோம், பழைய வண்டிதான். பையனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி அது எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தெரியும், மழையில் அவன் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வரும்போது பஸ் ஞாபகமே வருவதில்லை. வசதியாக இருக்கிறது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காதபடி ஊரைக் கட்டிவைத்திருக்கிறார்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. கார் வாங்க முடியாதவர், ஓட்டத் தெரியாதவர், வயதானவர், பிள்ளைகள், இவர்களெல்லாம் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு.

இப்போது அரோராவைத் திருத்திக் கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது, நடைபாதை, சிக்னல், மரம் என்று படமெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, ஆனால் நகர கவுன்சில் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், இரண்டு நிமிஷம்தான், மணி அடித்தால் மைக்கை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மாடியில் இருக்கிற எத்தியோப்பியப் பெண்ணும் நானும் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் டிப்போ வாசலில் கேட் மீட்டிங் பேசின ஆள். பின்தெரு அம்மாவும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் எழுந்து போய்விடாதபடி எப்படிப் பேசுவது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். சித்தி கையில் போன் போவதற்கு முன்னால் அனுப்புங்கள்.

அன்புடன்,
பாப்பா