ஏன் படிக்கவில்லை என்று வண்டி சொல்லட்டும்

எங்கள் காரின் மியூசிக் சிஸ்டத்தை வடிவமைத்த குழுவினருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

என் புகார் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு முறையும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று பதில் வந்தது. மூன்றாவது பதிலைப் பற்றிக் கீழே சொல்கிறேன். பென்டிரைவைச் செருகினால் திரையில் "யூஎஸ்பி சாதனத்தைப் படிக்க இயலவில்லை" என்று ஒரு வரி வருகிறது. அதன் கீழே "சரி" என்று ஒரு பொத்தான். எது சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். படிக்க இயலவில்லை என்றால், ஏன் என்பதையும் அதே திரையில் எழுதுங்கள்.

என் அப்பாவுக்குப் பார்வை மங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. திரையில் இருக்கும் எழுத்து அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிய லாபமில்லை, தமிழில் பெயர் வைத்த பாட்டெல்லாம் உங்கள் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. அவர் பாட்டைத் தேடுவது விரலால். முன் சீட்டில் உட்கார்ந்து, செட்டில் இருக்கும் 'அடுத்தது' பொத்தானை எண்ணி எண்ணி அழுத்துவார். "இதுலருந்து நாலு தட்டுப்பா" என்பார். நாலாவது தட்டில் அவர் கேட்ட பாட்டு வந்து நிற்கும். பழைய 16 ஜிபி பென்டிரைவில் 412 பாட்டு. அத்தனைக்கும் வரிசை அவருக்கு மனப்பாடம்.

அந்த வரிசை அகர வரிசை இல்லை. எந்த ஃபைல் முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் உங்கள் செட் முதலில் பாடும். பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் (ஃபைல் சிஸ்டம்) ஃபேட் 32 என்பது ஒன்று, அதன் பட்டியலில் பெயர்கள் பதிவான வரிசை அது. அப்பா கேட்கக் கேட்க ஒன்றும் இரண்டுமாக நான் சேர்த்துக்கொண்டே வந்ததில் தானாக அமைந்தது. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

பென்டிரைவின் முனை ஆட ஆரம்பித்ததும், முன்ஜாக்கிரதையாக எல்லாப் பாட்டையும் புதிய 64 ஜிபி ஒன்றில் ஏற்றினேன். வண்டி அதைப் படிக்கவில்லை. 'படிக்கிறது இது, படிக்காதது இது' என்று காட்டலாமே என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையானவர். "பென்டிரைவ்லதான் சார் பிரச்சினை, ஒரு நிமிஷம்" என்று உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்தபோது இரண்டையும் ஃபார்மட் செய்திருந்தார். வண்டியில் போட்டுப் பார்த்தோம். இப்போது இரண்டையுமே படிக்கவில்லை. இரண்டுக்கும் என்டிஎஃப்எஸ் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம் போட்டிருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பாட்டுக்கு வேறு பிரதி கணினியில் இருந்தது. ஒரு பாட்டும் தொலையவில்லை. வரிசைதான் தொலைந்தது. திரும்ப ஏற்றிய முதல் நாள் அப்பா நாலு தட்டு தட்டினார். வேறேதோ பாடியது. இன்னும் நாலு தட்டினார். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை பொத்தானைத் தொடவில்லை.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் கையிலும் இருந்தது அதே ஒற்றை வரிதானே. காரணம் தெரியாதவர் கணிக்கத்தான் செய்வார். நானும் கணித்தேன். பின் சீட்டு போர்ட்டில் மாற்றிச் செருகினேன், அது சார்ஜுக்கு மட்டும் என்று பிறகு தெரிந்தது. செட்டை அணைத்துப் போட்டேன். பாட்டு ஃபைல்கள் கெட்டுவிட்டனவோ என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். என் மகள் அவளுடைய மேக்கில் ஒரு பென்டிரைவை ஃபேட் 32 ஆக்கித் தந்தாள், அதையும் வண்டி ஒதுக்கியது. ஃபேட் 32 சரியாகத்தான் இருந்தது, பார்ட்டிஷன், அதாவது பென்டிரைவின் இடத்தைப் பிரித்துக் குறிக்கும் அமைப்பு, மட்டும் ஜிபிடி என்ற புது முறையில் இருந்தது, உங்கள் செட்டுக்கு எம்பிஆர் என்ற பழைய முறைதான் வேண்டுமாம். வெவ்வேறு கோளாறு, ஆனால் திரையில் அதே ஒரு வரி, அதே "சரி".

இதில் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. உங்கள் செட்டுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. எக்ஸ்ஃபேட்டோ (என் 64 ஜிபியில் முதலில் இருந்த ஃபைல் சிஸ்டம்) என்டிஎஃப்எஸ்ஸோ, அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டாரில், அதாவது முதல் துண்டில், தொடக்கத்து மூன்று பைட் தாண்டியதும் அதன் பெயரே எழுதியிருக்கும். நெற்றியில் பெயர் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பவரைப் பார்த்து 'யாரென்று தெரியவில்லை' என்கிறது உங்கள் மென்பொருள். "இது எக்ஸ்ஃபேட், எனக்கு ஃபேட் 32 வேண்டும்" என்று சொல்ல எத்தனை எழுத்து ஆகும்?

எக்ஸ்ஃபேட் 2006ல் வந்தது. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019ல் பொதுவில் வெளியிட்டது, அதே ஆண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 5.4 பதிப்பிலும் அது சேர்ந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவ் பல எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. என் கணினியின் ஃபார்மட் பெட்டியைத் திறந்தால் 64 ஜிபிக்கு ஃபேட் 32 என்ற தெரிவே காட்டவில்லை, தனிக் கருவி ஒன்றைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இருந்தாலும் எக்ஸ்ஃபேட்டைப் படித்தே தீர வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. படிக்காதீர்கள். ஏன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிக்காமல் இருங்கள்.

மூன்றாவது பதிலில் மென்பொருள் அப்டேட் ஒன்று அனுப்பியிருந்தீர்கள். அதை வண்டியில் ஏற்றவும் பென்டிரைவ்தான் வேண்டும். கூடவே வந்த குறிப்பில் "32 ஜிபிக்கு மிகாத, ஃபேட் 32 ஃபார்மட் செய்த பென்டிரைவ்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். ஆக, உங்களுக்கு வேண்டியதைக் கேட்கும்போது தெளிவாகவே எழுத வருகிறது. பாட்டு கேட்கிறவனுக்கான பக்கத்தில், இத்தனை பக்கக் கையேட்டில், "சில யூஎஸ்பி சாதனங்கள் இயங்காமல் போகலாம்" என்று முடித்துக்கொள்கிறீர்கள். சிடி போடும் வாயை எடுத்தீர்கள். ஆக்ஸ் துளையையும் எடுத்தீர்கள். மிச்சமிருந்த ஒரு வழியில் ஒரு வாயில்லாப் பூச்சியை உட்கார வைத்துவிட்டு, திரையை மட்டும் வருஷா வருஷம் அகலமாக்குகிறீர்கள். அவ்வளவு அகலத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடமில்லையா?

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். பணிவாகவே திரும்பக் கேட்கிறேன். அடுத்த அப்டேட்டில், பென்டிரைவை ஏன் படிக்கவில்லை என்பதை அந்த வரியிலேயே சொல்லச் செய்யுங்கள். ஃபைல் சிஸ்டமா, பார்ட்டிஷனா, கொள்ளளவா, பாட்டின் ஃபார்மட்டா என்று. கையேட்டிலும் அதையே போட்டுவிடுங்கள். சர்வீஸ் சென்டர் தம்பிகளுக்கு, வாடிக்கையாளரைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அப்பாவும் நானும் ராத்திரியில் உட்கார்ந்து வரிசையை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகக் காப்பி செய்கிறேன். இதுவரை 63 ஆகியிருக்கிறது. இந்த முறை நோட்டில் எழுதியும் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் உரிமையாளர்

பி.கு.: பின் சீட்டு போர்ட் சார்ஜுக்கு மட்டும் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டால் நல்லது.