முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு தாள்

சென்னையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவத் தேர்வுக் குழு அலுவலகத்துக்கும்,

ஐயா, அம்மா, வணக்கம்.

அயனாவரத்தில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நீட் ரிசல்ட் வந்து கலந்தாய்வு தொடங்கிவிட்டால் மஞ்சள் பையிலும் கிளியர் ஃபைலிலும் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அப்பா அம்மாக்கள் என் கடை முன்னால் நிற்பார்கள். "எத்தனை செட் எடுக்கணும் அண்ணா?" என்று என்னிடமே கேட்பார்கள். நானும் பெரிய அதிகாரி மாதிரி "அஞ்சு செட் எடுத்துக்குங்க" என்பேன். அந்த அஞ்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவருக்கு முன்னால் வந்தவர் அஞ்சு எடுத்தார், அவ்வளவுதான்.

போன வருடம் என் மகளுக்கு உங்களில் ஒருவருடைய கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. அவள் இன்னும் பல வருடம் அங்கேதான் படிக்க வேண்டும். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்றபோதுதான், இத்தனை வருடமாக என் கடைக்கு வந்தவர்களின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று புரிந்தது. இடம் கிடைத்த சந்தோஷத்தை விட அடுத்து என்ன என்ற பயம்தான் அதில் அதிகம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒதுக்கீட்டு ஆணையோடு ஒரே ஒரு ஏ4 தாள், தமிழில், இரண்டு பக்கமும் அச்சடித்ததாக, சேர வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தக் கலந்தாய்வு விளக்கக் குறிப்பேட்டை (ப்ராஸ்பெக்டஸ்) எத்தனையோ பேருக்குப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தவன் நான். யாருக்குத் தகுதி, எந்தப் பிரிவுக்கு எத்தனை சதவீதம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். திங்கட்கிழமை காலை எந்த வாசலில், எதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது என்று அதில் இருக்காது.

தாளின் முதல் வரி சான்றிதழ்களைப் பற்றியதாக இருக்கட்டும். நீட் மதிப்பெண் அட்டை, பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், டிசி, ஜாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் தலைமுறை பட்டதாரி என்றால் அதற்கு ஒன்று. எது ஒரிஜினலாக உங்களிடமே தங்கிவிடும், எது பார்த்துவிட்டுத் திரும்பி வரும், எத்தனை நகல், அதில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமா, பிள்ளையே கையெழுத்துப் போட்டால் போதுமா என்று எழுதுங்கள். கூடவே தடித்த எழுத்தில் "ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள்" என்று போடுங்கள். பிள்ளைக்குச் சீட் கிடைத்த பாசத்தில் பெற்றோர் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான். லேமினேட் செய்துவிட்டால் அப்புறம் அந்தத் தாளின் மேல் ஒரு சீல் வைக்க முடியாது, குறிப்பு எழுத முடியாது. நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அடுத்த கடையில் போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள்.

இவ்வளவு விவரம் பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவன், என் மகளின் டிசியை மட்டும் எடுக்காமல் கொடுத்துவிட்டேன். கடைசி நாள் அவசரத்தில் அந்த ஒரு தாள் வேறு கவரில் இருந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து உதவித்தொகை விண்ணப்பத்துக்கு டிசி நகல் கேட்டார்கள். கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை செக்‌ஷன் ஆள் லீவு. இரண்டாவது தடவை ஃபைல் கட்டு மேலே போயிருந்தது. மூன்றாவது தடவை ஒரு புண்ணியவான் கட்டைப் பிரித்து, போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "சார் என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு அயனாவரம், பஸ் ஏறினால் போச்சு. முதல் சுற்றில் தெற்கே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அடுத்த சுற்றில் சென்னை கிடைத்து, ஒரிஜினலைத் திரும்ப வாங்க ராத்திரி ரயில் ஏறுகிற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பெரியமேடு லாட்ஜில் பெட்டியோடு தங்கிக்கொண்டு, ஹாஸ்டல் ரூம் இன்றைக்குக் கிடைக்குமா, அடுத்த வாரமா என்று தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. ஹாஸ்டல் எந்தத் தேதியில் திறக்கும், மெத்தை உண்டா, பக்கெட்டும் கொசுவலையும் கொண்டுவரணுமா என்று மூன்று வரி எழுதினால் அவர்கள் பாதி நிம்மதியாவார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதில் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடம். (என் மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.) திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த ஒதுக்கீட்டில் சேரப்போகிற பையனோடு என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்கும்போதே வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, ஃபீஸ் கட்ட வட்டிக்கு வாங்கி வந்ததாகச் சொன்னார். கட்ட வேண்டியதில்லை என்று நான் சொன்னபோது நம்பவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்லி எப்படி நம்புவார்? கல்லூரி முத்திரையோடு ஒரு தாளில் இருந்திருந்தால் நம்பியிருப்பார், வட்டியும் ஓடியிருக்காது.

அப்புறம் எலும்பு.

அனாட்டமிக்கு, அதாவது உடற்கூறு பாடத்துக்கு, எலும்பு செட் வேண்டும் என்று மகளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஒரு சீனியரிடமிருந்து கைமாறி வந்த அரை செட்டை வாங்கிவிட்டோம். என் கடையின் ஒரு மாத வருமானத்தில் பெரிய பங்கு அதற்குப் போனது. நிஜ எலும்பு. அட்டைப்பெட்டியில், பழைய தினசரியில் சுற்றி வந்தது. என் அம்மா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டு நின்றார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள எலும்பா?" வேறு வழியில்லாமல் கடைக்குக் கொண்டுபோய், ஏ4 பண்டல்களுக்குப் பின்னால், காலியான டோனர் பெட்டியில் வைத்தேன். ஒருநாள் கடைப் பையன் டோனர் மாற்றப் பெட்டியைத் திறந்துவிட்டு, அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. ஒரு காலத்தில் உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எலும்புக்கூடு இந்தியாவிலிருந்துதான் போனதாம். 1985இல்தான் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அந்தக் கதையை மகள் சொன்னபோது, கப்பல் ஏறாமல் நின்றுபோன யாரோ ஒருவர்தான் என் டோனர் பெட்டியில் இருக்கிறார் என்று தோன்றியது.

மழைக்காலம் வந்ததும் கடையில் ஓதம். வேறு வழியில்லாமல் பெட்டி வீட்டுக்கு வந்தது. அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் ராத்திரி மகள் இடுப்பெலும்பைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தூரத்தில் உட்கார்ந்தபடியே கேட்டார், "அது ஆம்பளையா பொம்பளையா?" மகள் எலும்பைத் திருப்பி, பின்பக்கத்து வளைவில் கட்டைவிரலை வைத்து அகலம் பார்த்துவிட்டு, "பொம்பளை பாட்டி" என்றாள். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "யார் பெத்த பொண்ணோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் அந்தப் பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகள் சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, துறையிலேயே எலும்புகள் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்று. வாங்கியது வீண் என்று சொல்லமாட்டேன். பரீட்சை நேரத்தில் வீட்டில் இருந்தது நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கவாவது எங்களுக்கு அந்த மூன்று வாரம் முன்னாலேயே கிடைத்திருக்கலாம். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது, எதைக் கல்லூரியே கொடுக்கும் என்று எழுதுங்கள். திசுப் படம் வரைய ரோஸும் ஊதாவுமாக இரண்டு பென்சில் வேண்டும் என்பதைக்கூட எழுதுங்கள். அதற்காக நான் தாள் வாங்கப் போகிற ஆண்டர்சன் தெரு முழுக்க அலைந்தேன்.

வெள்ளைக் கோட்டுக்கு முழுக்கையா அரைக்கையா, ஆண்பிள்ளைகள் ஜீன்ஸ் போடலாமா, பெண்பிள்ளைகள் சுடிதாருக்கு ஷால் பின் செய்யணுமா, முடியை எப்படிக் கட்டணும், இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதில் எது கல்லூரியின் விதி, எது சீனியர்களின் விதி என்று புதிதாக வருகிற பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இது சின்ன விஷயமில்லை. 1996இல் தமிழ்நாட்டில் முதல் வருட மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இப்போது நானும் மகளும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தோம். ஆனால் விதி என்னவென்று கல்லூரி சொல்லாத இடத்தில் சீனியர் சொல்வதுதானே விதி? உடை பற்றிய நாலு வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், "இது தாளில் இல்லையே அண்ணா" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அதற்குக் கீழே ராகிங் புகார் எண் 1800 180 5522 இருக்கட்டும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வரி எழுதணும். ஹெபடைடிஸ் பி ஊசி குழந்தைகளுக்கு அரசுத் தடுப்பூசியாக நாடு முழுக்க வந்தது 2011இல்தான். இப்போது சேர்கிற பிள்ளைகளில் பலர் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். போட்டார்களா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. சேரும் வாரத்திலேயே தொடங்கினால், வார்டில் ரத்தத்தோடும் ஊசியோடும் பழகும் காலம் வருவதற்குள் முடிந்துவிடும். இது டாக்டர்களாகிய உங்களுக்கு ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது.

டிசெக்‌ஷன் ஹால் (இறந்த உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) பற்றியும் இரண்டு வரி வேண்டும். வெறும் வயிற்றோடு வராதே, ஃபார்மலின் நெடியில் கண் எரியும், தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம், அதில் வெட்கமில்லை என்று. என் மகள் ஒரு மாதம் மீன் தொடவில்லை. இப்போது எனக்கு வைத்ததையும் சேர்த்துச் சாப்பிடுகிறாள்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல் போதும். முதல் வாரத்தில் வாத்தியார்கள் வாயில் அடிக்கடி வரும் ஐம்பது சொற்களும், பக்கத்தில் தமிழும். மகள் முதல் பத்து நாள் 'ஆன்டீரியர்', 'போஸ்டீரியர்' எது முன், எது பின் என்று குழம்பிக்கொண்டே, கேட்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தாள். 1860களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். நான் அவ்வளவு கேட்கவில்லை. ஐம்பது சொல்தான்.

பின்பக்கத்தின் கடைசிப் பகுதியைப் பெற்றோருக்கு ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி முதலிடம் வாங்கியவள், கல்லூரிக்குள்ளேயே நடக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் 100க்கு 38 வாங்கி வந்தாள். நான் கத்தினேன். "போன் பார்த்துக்கிட்டே இருந்தா இப்படித்தான்" என்று சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். பின்னால்தான் தெரிந்தது, அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோருமே பள்ளி முதலிடம், பாதிப் பேருக்கு அந்தத் தேர்வில் அதே கதி என்று. அதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் என் வாய் மூடியிருக்கும். தேர்ச்சிக்கு 50 சதவீதம், தேர்வு எழுத வகுப்புக்கு 75 சதவீதமும் செய்முறைக்கு 80 சதவீதமும் வருகை, முதல் வருடத்தை முடிக்க அதிகபட்சம் நாலு வாய்ப்பு, முதல் இன்டர்னலில் குறைந்தால் பயப்பட வேண்டாம். இந்த வரிகளை அப்பா அம்மா படிக்கட்டும். அதன் கீழே மருத்துவக் கல்லூரிகளில் அரசு 2022இல் தொடங்கிய 'மனம்' என்ற மனநல ஆதரவு மன்றத்தின் பெயரும், உங்கள் கல்லூரியில் அதற்குப் பொறுப்பானவர் உட்காரும் அறை எண்ணும், போனில் மனநல ஆலோசனை தரும் டெலிமானஸ் எண் 14416ம் இருக்கட்டும். அறை எண்ணை மறந்துவிடாதீர்கள். தெரியாத கதவைத் தட்ட எந்தப் பிள்ளையும் போகாது.

கடைசிச் சுற்றில் தாமதமாக வந்து சேர்கிறவர்களுக்கும் இதே தாள் போகணும். அறிமுக வகுப்புகள் முடிந்தபிறகு வருகிறவர்களுக்குத்தான் இது இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

செலவுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். சென்னை மருத்துவக் கல்லூரி 250, ஸ்டான்லி 250, கீழ்ப்பாக்கம் 150, ஓமந்தூரார் 100. மொத்தம் 750 தாள். ஒரு ரீமுக்கு 500 தாள், ஆக ஒன்றரை ரீம். பேக் டு பேக் ஓட்டினால் என் மெஷினில் ஒரு மத்தியான வேலை. தாளும் டோனரும் நான் போடுகிறேன். என்ன எழுதுவது என்பதை மட்டும், கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்னால், நீங்கள் முடிவு செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
அயனாவரம் ஜெராக்ஸ் கடைக்காரர்,
ஒரு முதல் வருட மாணவியின் அப்பா