பழைய புரோகிராம் வச்சிருக்கவங்க டிசம்பர் மாசத்துல செய்யவேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டதையும், பழைய கம்ப்யூட்டரை தூக்கிப் போடாம அதுல லினக்ஸ்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கலாம்ங்கிறதையும் நம்ம பேப்பர்ல எழுதியிருந்தீங்க, தேவையான கட்டுரை சார், ஆனா பழைய விண்டோஸ் புரோகிராம்களை என்ன பண்றதுங்கிற கேள்விக்கு "வைன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. நான் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போற பக்கங்களை கம்ப்யூட்டர்ல வடிவமைக்கிற வேலை பாக்குறவன், வைனை தினமும் பயன்படுத்துறவன், புது பதிப்பு வர்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணி, கண்ட பிழைகளை பக் ரிப்போர்ட்டா எழுதிப் போடுறவன், அதனால அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நடக்கிற வேலையைப் பத்தியும் அதுல நம்ம ஆளுங்க ஏன் வந்து நிக்கணும்ங்கிறதைப் பத்தியும் கொஞ்சம் விவரமா எழுதுறேன், இடம் இருந்தா முழுசாவே போடுங்க.

வைன் 1993-ல ஆரம்பிச்சது, அப்போ விண்டோஸ் 3.1 புரோகிராம்களை லினக்ஸ்ல ஓட்டணும்ங்கிறதுதான் ஆசை, மறு வருஷமே அலெக்ஸாந்தர் ஜூலியார் பொறுப்பை எடுத்தாரு, இன்னைக்கு வரைக்கும் அவர்தான் பாத்துக்கிறாரு. இது கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற வேலை இல்ல, உள்ள விண்டோஸும் கிடையாது. ஒரு புரோகிராம் விண்டோஸ் கிட்ட "ஒரு ஜன்னல் திற, இந்த ஃபைலைப் படி, இந்த எழுத்தை வரை"ன்னு கேக்குது இல்லையா, அந்த ஒவ்வொரு கேள்விக்கும் விண்டோஸ் என்ன பதில் சொல்லுமோ அதையே லினக்ஸை வச்சு சொல்றதுதான் வைன். மைக்ரோசாப்டோட சோர்ஸ் கோடை, அதாவது விண்டோஸோட மூல நிரலைப் பாத்தவங்க இதுல கோட் எழுதவே கூடாதுன்னு கண்டிப்பான விதி இருக்கு, அதனால எல்லாத்தையும் வெளியில இருந்து சோதிச்சுப் பாத்துதான் எழுதணும்.

சோதிக்கிறதுன்னா எப்படின்னு பாருங்க. விண்டோஸ்ல ஏதோ ஒரு வேலையைச் செய்யுற ஃபங்ஷனுக்கு, மெமரில எந்த இடத்தையும் காட்டாத வெறும் பாயிண்டரைக் கொடுத்தா நிஜ விண்டோஸ் எர்ரர் நம்பர் தருதா, சும்மா இருக்குதா, இல்ல கிராஷ் ஆகுதா, இதை ஒரு சின்ன டெஸ்டா எழுதி முதல்ல நிஜ விண்டோஸ் மெஷின்ல ஓட்டுவாங்க, அங்க வந்த பதில்தான் சரி, அது தப்பான பதிலா இருந்தாலும் அதுதான் சரி, ஏன்னா அந்தத் தப்பை நம்பி எழுதின புரோகிராம் உலகத்துல எங்கயோ ஒரு மூலையில ஓடிட்டு இருக்கும். அதே டெஸ்டை அப்புறம் வைன்ல ஓட்டுவாங்க. வைன்ல இன்னும் சரியாகாததுக்கு மேல "இது பாக்கி"ன்னு ஒரு குறி போட்டு வைப்பாங்க, யாராவது அதை சரி பண்ணிட்டா டெஸ்ட் ஓட்டும்போது "குறி இருக்கு, ஆனா பாஸ் ஆகுது"ன்னு அதுவே கத்தும், அப்போ குறியை எடுத்துடுவாங்க. எனக்கு இந்த முறை மேல பெரிய மரியாதை உண்டு, யார் சொன்னாங்கங்கிறதுக்கு இங்க இடமே இல்ல, விண்டோஸ் என்ன செய்யுதோ அதுதான் தீர்ப்பு.

இப்படி இருக்கிற புராஜெக்டுக்கு "முடிஞ்சது, ரிலீஸ் பண்ணலாம்"னு எப்போ சொல்றது? இதுதான் இதுல பெரிய தலைவலி, ஏன்னா முடிவே கிடையாது, விண்டோஸ் வளந்துட்டே இருக்கு, லட்சக்கணக்குல புரோகிராம் இருக்கு. 1.0 வர 15 வருஷம் ஆச்சு, 2008 ஜூன் 17-ல தான் வந்துச்சு. அப்போ அவங்க பண்ணின ஒரு காரியம் எனக்கு இன்னைக்கும் புத்திசாலித்தனமா படுது, எல்லாம் ஓடணும்னு இலக்கு வைக்காம ஒரு சின்ன பட்டியல் வச்சாங்க, போட்டோஷாப் சிஎஸ்2, அப்புறம் வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் ஃபைல்களைத் திறந்து பாக்குற இலவச வியூவர்கள், இதெல்லாம் ஒழுங்கா ஓடணும், ஓடினா 1.0. போட்டோஷாப்பை ஓட வைக்கிறதுக்கு கூகுள்கூட, வைனை வளக்கிற கோட்வீவர்ஸ் கம்பெனிக்கு காசு கொடுத்து உதவுச்சு. கண்ணுக்குத் தெரியுற எல்லை வந்தபிறகுதான் வேலை முடிவை நோக்கிப் போச்சு.

அதுக்கப்புறமும் சிக்கல்தான். 1.2 வர 2 வருஷம், அதுல மட்டும் 23,000-க்கு மேல மாற்றங்கள். 1.6 வந்தது 2013 ஜூலை, 1.8 வந்தது 2015 டிசம்பர். இவ்வளவு இடைவெளி விட்டா என்ன ஆகும்னா, பயன்படுத்துறவன் கையில இருக்கிறது ஒண்ணு, எழுதுறவங்க கையில இருக்கிறது வேற ஒண்ணு, இவன் போடுற பக் ரிப்போர்ட்டுக்கு "அது எப்பவோ சரியாயிடுச்சு"ன்னு பதில் வரும், அங்க புதுசா உடைஞ்சது இவனுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதனால 2.0-ல இருந்து காலண்டர் கணக்கு, வருஷத்துக்கு ஒரு பெரிய ரிலீஸ், ஜனவரில. 2.0 2017 ஜனவரி 24, 9.0 2024 ஜனவரி 16, 10.0 2025 ஜனவரி 21, இப்படி தவறாம வருது. 10.0-ல ஒரு வருஷத்துல 6,000-க்கு மேல மாற்றங்கள்னு அவங்க அறிவிப்புலயே சொன்னாங்க.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கதான் ஆரம்பிக்குது சார். வருஷம் பூரா ரெண்டு வாரத்துக்கு ஒரு டெவலப்மெண்ட் பதிப்பு விடுவாங்க, அதுல புதுசு புதுசா சேரும். டிசம்பர் முதல் வாரம் வந்தா கோட் ஃப்ரீஸ், அதாவது புது வசதி எதுவும் உள்ள வராது, சின்னதா, பாதுகாப்பானதா இருக்கிற பக் ஃபிக்ஸ் மட்டும்தான். எவ்வளவு அருமையான வேலையா இருந்தாலும் பெருசா இருந்தா ஜனவரிக்கு அப்புறம் வான்னு சொல்லிடுவாங்க. அப்போ இருந்து கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒண்ணா ரிலீஸ் கேண்டிடேட், அதாவது கடைசிச் சோதனைக்கான பதிப்பு வரும், ஆர்சி1, ஆர்சி2ன்னு அஞ்சு ஆறு போகும், அப்புறம் ஸ்டேபிள், அதாவது எல்லாரும் பயன்படுத்துறதுக்கான பதிப்பு. இந்த ஆறு ஏழு வாரம்தான் ரொம்ப முக்கியமானது, இந்த நேரத்துல "போன வருஷம் ஓடின என் புரோகிராம் இப்போ ஓடல"ன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு முதல் மரியாதை. ரிக்ரெஷன்னு சொல்வாங்க. புதுசா ஓடாததை விட ஓடிட்டு இருந்தது நின்னு போறதுதான் பெரிய குத்தம், நியாயமும் அதுதானே, நம்பி மாறினவனை நடுத்தெருவுல விடக்கூடாது.

எதை ரிலீஸ்ல வைக்கிறது எதை ஓரமா வைக்கிறதுங்கிறதுலயும் அவங்க நிதானம் தெரியும். 9.0-ல வேலேண்டுக்கான, அதாவது லினக்ஸ்ல ஜன்னல்களைத் திரையில காட்டுற புது முறைக்கான டிரைவரைச் சேத்தாங்க, ஆனா சோதனைக்குன்னு சொல்லி, ரெஜிஸ்ட்ரிங்கிற செட்டிங் பட்டியல்ல கை வச்சாத்தான் வேலை செய்யும்படி வச்சாங்க. 10.0-ல அதை டீஃபால்ட்டா ஆன் பண்ணினாங்க, அப்பவும் பழைய முறையான எக்ஸ்11 இருந்தா அதுக்குத்தான் முதலிடம். அதே 9.0-ல 32 பிட் புரோகிராமை 64 பிட் சிஸ்டத்துல 32 பிட் லைப்ரரி எதுவும் இல்லாம ஓட்டுற புது முறை முழுசா வந்துடுச்சு, வருஷக்கணக்கா பாடுபட்ட வேலை, ஆனாலும் டீஃபால்ட்டா ஆன் பண்ணல, படம் வரையிறதுக்கான ஓபன்ஜிஎல்லோட வேகம் இதுல குறையும்னு ரிலீஸ் நோட்ஸ்லயே எழுதி வச்சாங்க. பெருமைக்காக அவசரப்படாம இருக்கிறது சாதாரண விஷயம் இல்ல.

சரி, இதுல நம்ம ஊர் எங்க வருது? நம்ம அச்சகங்கள்ல போய்ப் பாருங்க, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுது, அது 2001-ல வந்தது, அதுக்கப்புறம் அதுல பெரிய பதிப்பே வரல. அதுல கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, சின்னப் பத்திரிகைகளோட பழைய இதழ்கள், எத்தனையோ பேரோட முதல் கவிதைத் தொகுப்பு, எல்லாம் பழைய ஃபாண்ட்ல அடிச்சு வச்சிருக்கு. யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தோட இடத்துல உக்கார வச்சுத்தான் அடிச்சோம். பாமினிங்கிற ஃபாண்ட்ல ஆங்கிலச் சின்ன எம் இருக்கிற இடத்துல அ இருக்கும், கே இருக்கிற இடத்துல ம இருக்கும். 1999-ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட டாப் (TAB)ங்கிற எழுத்து முறையில, எழுத்துகளுக்குன்னு இருக்கிற 256 எண்கள்ல 128-க்குக் கீழ ஆங்கிலம், தமிழ் பூரா 128-க்கு மேல. இந்த மேல் பாதி இருக்கே, அதை எந்த எழுத்தா படிக்கணும்ங்கிறது கம்ப்யூட்டர்ல செட் ஆகியிருக்கிற கோட் பேஜை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு சொல்ற பட்டியலைப் பொறுத்தது, அது மாறினா எழுத்து மாறிடும். தமிழுக்குன்னு விண்டோஸ்ல அந்த மாதிரி பழைய கோட் பேஜே கிடையாது, நாம மேற்கத்திய கோட் பேஜ் மேல சவாரி பண்ணித்தான் இத்தனை வருஷம் ஓட்டினோம்.

இதை வெளிநாட்டுல உக்காந்து கோட் எழுதுறவர் எப்படிக் கண்டுபிடிப்பாரு? வைன்ல எழுத்து வரையிற பகுதியில எங்கயோ ஒரு மாற்றம் பண்ணுறாங்கன்னு வைங்க, ஆங்கிலம் சரியா வருது, ஜெர்மன் சரியா வருது, டெஸ்ட் எல்லாம் பாஸ், நம்ம ஃபைல்ல மட்டும் "கொ"-வுக்கு முன்னாடி வரவேண்டிய கொம்பு காணாமப் போய் "கா"ன்னு நிக்குது. அவர் கண்ணுக்கு அது சரியான தமிழாவே தெரியும், தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் பாத்தாத்தான் அய்யய்யோன்னு சொல்லுவான். அதுவும் அந்த ஃபாண்ட், அந்த புரோகிராம், அந்தப் பழைய ஃபைல் மூணும் கையில இருக்கிறவன் பாக்கணும். அது நாமதான், வேற யாரும் இல்ல. புரோகிராமர் ஆயிரம் பேர் சேந்தாலும் இந்த ஒரு டெஸ்டை அவங்களால பண்ண முடியாது.

இதுக்கு கோட் தெரியணும்னு அவசியம் இல்ல. டிசம்பர்ல ஆர்சி வந்ததும் புதுசா ஒரு பிரிஃபிக்ஸ் உருவாக்குங்க, அதாவது வைனுக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர், பழசுல கை வைக்கவே வேண்டாம், அதுல உங்க புரோகிராமைப் போட்டு உங்க பழைய ஃபைல்ல ரெண்டு மூணைத் திறங்க, எல்லா எழுத்தும் சரியா இருக்கான்னு பாருங்க, பிரிண்ட் எடுங்க, சேவ் பண்ணி திரும்பத் திறங்க. ஏதாவது உடைஞ்சிருந்தா டெர்மினல்ல இருந்து, அதாவது கட்டளை டைப் பண்ற ஜன்னல்ல இருந்து ஓட்டி அங்க வர்ற வரிகளை ஒரு ஃபைல்ல பிடிச்சு, எந்த வைன் பதிப்பு, எந்த லினக்ஸ், கடைசியா எந்தப் பதிப்புல ஒழுங்கா ஓடுச்சு, இதையெல்லாம் எழுதி வைனோட பக் ரிப்போர்ட் தளமான பக்ஸில்லாவுல போடுங்க. ஒரு ரிப்போர்ட்ல ஒரு பிரச்சினைதான். ஆங்கிலம் சுமாரா இருந்தா பரவாயில்ல, சரியா வந்த ஸ்கிரீன்ஷாட்டையும் தப்பா வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தப்பு எழுத்தை வட்டம் போட்டுக் காட்டினா போதும், பாஷையே தேவையில்ல. சரியா ஓடுச்சுன்னாலும் எந்த புரோகிராம் எப்படி ஓடுதுன்னு காட்டுற வைனோட ஆப்டிபி பட்டியல்ல பதிவு பண்ணுங்க, பிளாட்டினம், கோல்டுல இருந்து கார்பேஜ் வரைக்கும் அங்க தரம் பிரிச்சிருக்கும், அதைப் பாத்துத்தான் அடுத்தவன் மாறலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவான்.

"கடைசியா எதுல ஓடுச்சு"ங்கிறதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அது தெரிஞ்சா கிட் பைசெக்ட் பண்ணலாம். ஒரு வருஷத்துல 6,000 மாற்றம்னா எதுல உடைஞ்சதுன்னு ஒவ்வொண்ணா பாக்க வேண்டாம், நடுவுல இருக்கிறதை எடுத்து கம்பைல் பண்ணி, அதாவது கோடை ஓடுற புரோகிராமா மாத்தி, ஓட்டிப் பாக்குறது, நல்லாயிருக்கா, அப்போ தப்பு பின் பாதியில, இல்லையா, முன் பாதியில, திரும்ப அதுல பாதி, இப்படி 13 தடவைக்குள்ள அந்த ஒரே ஒரு மாற்றம் கையில சிக்கிடும். அதை எழுதினவருக்கே நேரா தகவல் சொல்லலாம். நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பசங்க இதைச் சுலபமா பண்ணலாம், கம்பைல் பண்ண நேரம் ஆகுமே தவிர கஷ்டமான வேலை இல்ல. ஒரு பையன் பக்கத்து அச்சகத்துல போய் உக்காந்து ரெண்டு நாள் இதைப் பண்ணினா அவன் பேப்பர்ல எழுதுற புராஜெக்டை விட நூறு மடங்கு உருப்படியான வேலை, அவன் கண்டுபிடிச்சது உலகம் பூரா போற ரிலீஸ்ல போய்ச் சேரும்.

ஜனவரி தாண்டிட்டா என்னன்னு கேப்பீங்க. ரிப்போர்ட் போடலாம், பாப்பாங்க, ஆனா அந்த வருஷ ஸ்டேபிள் அதுக்குள்ள வெளிய போயிருக்கும், பல லினக்ஸ்ல அதைத்தான் எடுத்து வைப்பாங்க, நம்ம எழுத்து உடைஞ்ச பதிப்பே பல பேர் கம்ப்யூட்டர்ல கிடக்கும். கோட் ஃப்ரீஸ் நேரத்துல சொன்னா அந்த வருஷமே சரியாக வாய்ப்பு அதிகம்.

அதனால ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டிசம்பர் முதல் வாரம் ஆர்சி1 வந்ததும் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சின்ன பெட்டிச் செய்தி போடுங்க, வைன் ஆர்சி வந்தாச்சு, பழைய தமிழ் புரோகிராம், பழைய ஃபாண்ட், பழைய ஃபைல் வச்சிருக்கிற அச்சகக்காரங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம் ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கன்னு, எப்படி ரிப்போர்ட் போடணும்ங்கிறதையும் நாலு வரியில சேத்து. உங்க ஆபீஸ்லயே யூனிகோடுக்கு முந்தின காலத்து இதழ்கள் பழைய ஃபைலா இருக்கும்னு நினைக்கிறேன், அதுல ரெண்டை எடுத்து உங்க சிஸ்டம் பாக்குற தம்பிகிட்ட கொடுத்து முதல் டெஸ்டை அங்கயே பண்ணச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
சிவகாசி.